ஈரக் கட்டைவிரல்

விருதுநகரில் என் வீட்டு மாடி அறையில் நான் பிளாஸ்டிக் விமானம் செய்கிறேன். பெட்டியில் வரும் பாகங்களை அவற்றின் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, முழங்கை நீளப் போர் விமானமாக்க நான்கைந்து மாதமாகும். மிளகாய் மண்டி வைத்திருக்கிறவனுக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லும் அளவுக்கு நான் அவர்களை மதித்ததில்லை.

அதிலும் மச்சான். என் மனைவியின் அண்ணன். சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்து வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறவர். புலி, ரோஜா, சிரிக்கிற குழந்தை என்று எது கேட்டாலும் கண்ணைக் குத்தும் சிவப்பில் அடித்துத் தருவார். கொளுத்தினால் குப்பையாகிற காகிதத்துக்கு அவ்வளவு பெருமை. ஞாயிற்றுக்கிழமை ஆனால், "என்ன மாப்ளே, இன்னும் பொம்மதான் ஒட்டிக்கிட்டு இருக்கீகளா?" என்று மாடியேறிவிடுவார்.

போன வருஷம் மதுரையில் மாடல் செய்கிறவர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். என் வேலையை, வேலை தெரிந்தவர்கள் பார்க்கப்போகும் முதல் நாள் அது. அதற்காகவே நம் விமானப்படையின் பழைய ஜெட் ஒன்றைச் செய்தேன். மூவண்ண வட்டங்கள் நான்கை ஒட்டுவது மட்டும் பாக்கி. அந்த ஸ்டிக்கர் ஜவ்வு மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் தாளிலிருந்து நழுவி வந்துவிடும்.

அந்த ஞாயிறு மாடியேறி வந்த மச்சான் ஸ்டிக்கர் தாளை மேசையிலிருந்து எடுத்தார். "அச்சு நல்லாத்தான் இருக்கு" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் கட்டைவிரலை நக்கி, வட்டத்தின்மேல் அழுத்தித் தேய்த்தார். லேபிளைக் கையில் எடுத்தால் மை நிற்கிறதா என்று அவர்கள் பிரஸ்ஸில் இப்படித்தான் பார்ப்பார்கள். வேறு எந்த ஊர் முட்டாளுக்கும் இது தோன்றாது. ஒரு வட்டம் சுருண்டு விரலோடு வந்ததும், சந்தேகம் தீர மற்ற மூன்றையும் தேய்த்தார்.

"மை நிக்கல மாப்ளே. எவனோ உங்கள ஏமாத்திப்புட்டான்."

திட்டியிருக்க வேண்டும். "ஈரம் பட்டா வந்துரும் மச்சான், அது அப்படித்தான்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. கண்காட்சிக்கு ஆறு நாள்தான் இருந்தது. தூரிகையை எடுத்து நானே வரைந்து பார்த்தேன். வட்டம் முட்டையாக வந்தது. அழித்து வரைந்தால் இன்னொரு முட்டை.

ஐந்தாம் நாள் மச்சான் ஒரு கவரோடு வந்தார். தீபாவளி சீசன் ஆர்டரை நிறுத்திவைத்து, வெங்காயத் தோல் போன்ற தாளில் வட்டங்களை அடித்திருந்தார். நிறம் அப்படியே இருந்தது; விளிம்பில் மயிரிழை பிசகு இல்லை. ஒட்டி வார்னிஷ் பூசியதும் தாள் இருக்கிற இடமே தெரியவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கண்காட்சிக்கு அவருடைய காரிலேயே போனோம். நடுவர்களில் ஒருவர் என் விமானத்தின் முன் குனிந்து நின்றார். மாதக்கணக்கில் நான் தேய்த்த இணைப்புகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இந்த வட்டம் பிரமாதம். யார் செஞ்சது?" என்றார்.

"நான்தான். கையால வரைஞ்சேன்."

மச்சான் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "ஆமா சார்," என்றார். "மாப்ளைக்கு அம்புட்டு நிதானமான கை."

திரும்பும் வழியெல்லாம் மழையைப் பற்றியும் ஆர்டரைப் பற்றியும் பேசிக்கொண்டே காரை ஓட்டினார். அந்த வட்டத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால், நான் பழையபடி அவரை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.