வராதீர்கள் என்று போர்டு வைத்தோம்

பிளெக்ஸ் போர்டுக்கு வாசகம் எழுதிப் பிழைப்பவன் நான். அடுத்தவர் கடைக்காகச் சிரிப்புக் காட்டிச் சாப்பிடும் சக பாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். 'வருக வருக' எழுதி அலுத்துப்போய், இனி நக்கல்தான் எடுபடும் என்று முதலாளியிடம் அடம்பிடித்தேன். சண்டை எதுவும் வந்தால் மறுபடி கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மாலை ஒட்டும் வேலைதான் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

மெஸ்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஆபீஸ்காரர்கள் சாப்பிடும் மெஸ்ஸுக்கு எழுதினேன்: 'எங்கள் சாப்பாடு சுமார்தான். வீட்டில் இதைவிட நன்றாகச் சமைத்தால் வராதீர்கள்.' கூட்டம் அள்ளியது. போர்டின் மூலையில் எங்கள் பிளெக்ஸ் கடையின் பெயர் இருந்ததா, ஒரு அம்மா கணவரையும் இழுத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்துவிட்டார்.

"இவரு தெனம் அங்கதான் சாப்புடறாரு. என் சமையல் எப்படினு ஊருக்கே போர்டு வெச்சிட்டீங்க, நல்லா இருங்க."

இன்னொரு புகார் வரட்டும், அன்றோடு சரி என்றார் முதலாளி.

தைலம்

கிரிவலப் பாதைத் தைலக் கடைக்கு எழுதியது: 'ஆட்டோவில் கிரிவலம் வரும் பக்தர்களே, பாவம், கால் எவ்வளவு வலிக்கும்! இதைத் தடவுங்கள்.' நடப்பவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள் என்பது என் கணக்கு. பௌர்ணமியன்று ஆட்டோக்கள்தான் வரிசையாக நின்றன. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு மனமுருகிச் சொன்னார்:

"நடந்தா கால் மட்டும்தான் நோவும். ஆட்டோல குந்தினு வந்து இடுப்பும் போச்சு. எங்க கஷ்டத்த நீங்களாவது எழுதனீங்களே."

கல்யாணம்

கல்யாண போர்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் தங்கள் போட்டோவைப் போட்டுக்கொள்வதும், நக்கலடிப்பதும் எங்கள் பக்கம் வழக்கம். அப்படி வந்த ஒரு கூட்டத்துக்கு, 'பெண் வீட்டாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் பெண்ணின் அப்பா மண்டப வாசலில் நின்று அதையே முறைப்பதாகப் போன் வந்தது. முதலாளியும் நானும் வண்டியில் பறந்தோம். கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"எழுதனது நெசந்தாங்க. ஆனா அனுதாபம் எனக்குதான? ஊருல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் கீது, என் மூஞ்சி எங்க? பெருசா போட்டு வேற அடிச்சிக் குடுங்க."

முதலாளி அங்கேயே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டதால் என் வேலை தப்பியது.

திருவண்ணாமலையில் யாரை வேண்டுமானாலும் தாராளமாக நக்கலடிக்கலாம், அவர் போட்டோவை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.