குர்ஷித் சொன்ன தூரம்

எர்சுரூம் பக்கத்து மலையடிவாரத்தில் குர்ஷித் ஒரு கடத்தல்காரன் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலைக்கு இந்தப் பக்கம் சுல்தான் சீமை, அந்தப் பக்கம் ருஷ்யன் சீமை. கோடையில் கோவேறு கழுதையில் புகையிலை ஏற்றிப் போவான். சர்க்கரையும் மண்ணெண்ணெயுமாகத் திரும்புவான். பனி விழத் தொடங்கினால் அடுப்போரம் சுருண்டுகொள்வான். அந்த மலைக் கணவாயில் குளிர்காலத்தில் ஓநாய்கூடப் போகாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். வழிப்போக்கன் தூரம் கேட்டால் 'ரொம்ப தூரம்' என்று சொல்லவே மாட்டார்கள். வந்த விருந்தாளியின் வயிற்றில் புளியைக் கரைப்பது மரியாதை இல்லையாம். குர்ஷித் இதில் எல்லோரையும் மிஞ்சியவன். "இந்த மனுஷன் மக்காவையே அடுத்த மேட்டுக்குப் பின்னாடி கொண்டுவந்து வச்சிடுவாரு" என்பாள் அவன் மனைவி குலிஸார்.

ருஷ்யனோடு யுத்தம் தொடங்கிய குளிர்காலத்தில் சுல்தானின் படை ஊருக்குள் வந்தது. பாதிப் படை ருஷ்யனை முன்னால் நின்று மறிக்கும், மீதிப் படை மலையேறி இறங்கி அவன் முதுகில் பாயும். இதுதான் திட்டம். கதகதப்பான அறையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மலை கட்டைவிரல் அகலம். அந்தப் புத்திசாலிகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வந்த படையில் குர்ஷித்தின் ஒரே மகன் இலியாஸும் இருந்தான். அறுவடை நேரத்தில் பிடித்துக்கொண்டு போன பிள்ளை.

மேஜர் வஸ்ஃபி குர்ஷித்துக்குப் புகையிலை நீட்டினார். "சாச்சா, நீங்கதான் வழி காட்டணும். அந்தப் பக்கத்து ஊரு எவ்வளவு தூரம்?"

இலியாஸ் வரிசையிலிருந்து பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். குர்ஷித்துக்குப் பழகிய வாய். "பக்கம்தான் எஃபெந்தி. இதோ, அந்த மேட்டுக்குப் பின்னாடி. மத்தியானத் தொழுகைக்குள்ள இறங்கிடலாம்."

மேஜருக்கு வாயெல்லாம் பல். மேலிடமும் வேகம், வேகம் என்றுதான் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. "அப்புறம் எதுக்குடா பாரம்? மேலங்கி, மூட்டை எல்லாத்தையும் இங்கேயே போடுங்க. ராத்திரி ருஷ்யன் கம்பளியில தூங்குவோம்!"

பள்ளிவாசல் முற்றத்தில் மேலங்கிகள் குவிந்தன. இலியாஸும் கழற்றினான். குர்ஷித் மேஜரிடம் ஓடினான்.

"எஃபெந்தி, பனி பெய்யுது. அங்கி மட்டும் இருக்கட்டுமே."

"என்ன சாச்சா, இப்பதானே பக்கம்னீங்க? பக்கமா, இல்லையா?"

அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள், மகன் உட்பட. இவ்வளவு பேர் முன்னால் தான் சொன்னது பொய் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பக்கம்தான்" என்றான். கேடுகெட்ட நாக்கு.

மத்தியானத் தொழுகை நேரம் மலைமேலேயே கழிந்துபோனது. பனிக்காற்று கண்ணைக் குருடாக்கியது. பாதையோரம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. குர்ஷித் தன் ஆட்டுத்தோல் அங்கியை மகனுக்குப் போட்டுவிட்டான். பிள்ளையின் காலில் நனைந்து விறைத்த தோல் செருப்பு. அதற்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூரம் கேட்டவனுக்கெல்லாம் "இதோ" என்றான். அந்த ஒரு சொல்லில் ஒவ்வொருவனும் இன்னும் கொஞ்சம் நடந்தான். மேஜரும் பலமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டபடியே விறைத்துப்போயிருந்தார்.

பொழுது சாயும்போது இலியாஸ் நின்றுவிட்டான்.

"வாப்பா, அவங்களுக்குச் சொல்றதை எனக்குச் சொல்லாதீங்க. நிஜத்தைச் சொல்லுங்க. இன்னும் எவ்வளவு தூரம்?"

பெற்ற பிள்ளை அப்படிக் கேட்ட பிறகு பொய் வரவில்லை. "தூரம்டா மகனே. பாதிகூட வரல. அதான் சொல்றேன், நிக்காதே, நட."

"அப்படியா" என்றான் இலியாஸ். நிம்மதியடைந்தவன்போல அப்படியே பனியில் உட்கார்ந்தான்.

பின்னால் நின்றவன் அதைக் கேட்டுவிட்டான். அவன் தனக்குப் பின்னால் இருந்தவனிடம் சொன்னான். வரிசையில் ஒருவர் பின் ஒருவராக உட்காரத் தொடங்கினார்கள். குர்ஷித் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினான். "பக்கம்டா! சும்மா சொன்னேன்டா, பக்கம்தான், எந்திரிங்கடா!" என்று கத்தினான்.

யாரும் நம்பவில்லை.