அண்ணன் எழுதிய வினைச்சொற்கள்

பால்பவுடர் டப்பாக்களின் லேபிள்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, உலர்த்தி, எழுத்தில்லாத பின்பக்கம் மேலே வரும்படி அடுக்கி, கம்பளியிலிருந்து உருவிய நூலால் தைத்த நோட்டு அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. என் அண்ணன் இத்தாலியில் யுத்தக் கைதியாக இருந்த காலத்தில் அதைச் செய்தார். பென்சிலால், பொடிப்பொடியாக, தமிழ் எழுத்தில், பக்கம் பக்கமாக இப்படி எழுதியிருந்தார்: பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. முதல் இரண்டு பக்கங்களில் மட்டும் பக்கத்திலேயே அர்த்தம் இருக்கும். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான். அதற்குப் பிறகு காகிதத்தை மிச்சப்படுத்த அர்த்தத்தை விட்டுவிட்டார். அந்தச் சிக்கனம்தான் பின்னால் அவர் தலையில் விடிந்தது.

வீட்டில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். இங்கே 'அவர்' என்றுதான் எழுதுவேன். அவருக்கு அந்த 'ர்' கிடைக்காத இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெருமுக்கல் மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் சேரி. எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், ஊர்ப் பண்ணைக்காரர் நிலத்தில் ஆள். அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்தவர். யுத்தம் தொடங்கியதும் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டப் பழகினார். எங்கோ ஒரு பாலைவனத்தில் அவருடைய லாரியோடு அவரையும் பிடித்துக்கொண்டார்கள். 'காணவில்லை' என்று வந்த தாளை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். ஒரு வருஷம் கழித்துத்தான் கைதிகள் முகாமிலிருந்து கார்டு வந்தது.

முகாமில் முதல் நாள் நடந்ததை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். காவலுக்கு நின்ற சிப்பாய் இவரைப் பார்த்து, "வா! வா!" என்று கத்தினானாம். கூப்பிடுகிறான் என்று இவர் கிட்டே போயிருக்கிறார். துப்பாக்கிக் கட்டையால் தோளில் ஒரு அடி. அவன் மறுபடியும் "வா!" என்றான். இவர் மறுபடியும் கிட்டே போனார். மறுபடியும் அடி. அவர்கள் பாஷையில் 'வா' என்றால் 'போ'. "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அடி வாங்கறதுன்னா அர்த்தம் தெரிஞ்சிக்கினு வாங்கணும்" என்பார். கைதிகளுக்கென்று வந்த பார்சலில் இருந்த டீத்தூளில் ஒரு பிடி கொடுத்தால் இன்னொரு காவல்காரன் ஒரு வினைச்சொல்லை முழுசாகச் சொல்லுவானாம். நிகழ்காலம், போன காலம், வரப்போகிற காலம், ஏவல், அப்புறம் 'நடந்திருந்தால்', 'நடக்கட்டும்' என்று ஆசையையும் சந்தேகத்தையும் சொல்ல ஒவ்வொரு வகை. இரண்டு குளிர்காலம் இவர் டீயே குடிக்கவில்லை.

அந்த வினைச்சொற்கள்தான் அவரையும் கூட இருந்த மூன்று பேரையும் காப்பாற்றின. இத்தாலிக்காரர்கள் சண்டையிலிருந்து விலகிய சமயம் முகாம் கலைந்தது. ஜெர்மன்காரர்கள் வருவதற்குள் நாலு பேரும் மலைக்குள் ஓடினார்கள். மூன்றாம் நாள் பசியோடு ஒரு குடியானவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "வோல்யோ" என்றால் 'எனக்கு வேணும்'. "வொர்ரேய்" என்றால் 'முடியுமானா எனக்குக் கிடைச்சா நல்லாருக்கும்'. அண்ணன் "வொர்ரேய்" என்று தொடங்கித் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்துச் சோறு போட்டார்கள். வீட்டுக்காரர் இவரை மரியாதையாக, நம் 'நீங்க' போல ஒரு சொல் சொல்லி அழைத்தாராம். கொஞ்ச நாளில் அந்த அம்மா மட்டும் 'நீ'க்கு மாறினாள். "அது நம்ம அம்மா சொல்ற 'நீ' மாதிரி" என்று அண்ணன் சொன்னபோது எங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் அவர் எங்கள் வாசலில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். நான் அப்போது திண்டிவனத்தில் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தேன். நோட்டைப் புரட்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது. தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மை. எங்கள் இலக்கணப் புத்தகத்தில் இருப்பதேதான். "நம்ம பாஷையில இருக்கிற மாதிரியே இவங்களுக்கும் வாலு மாறுதுண்ணா" என்றேன். "ஆமா, வாலைப் பார்த்தா ஆளு யாருன்னு தெரியும்" என்றார். எனக்குப் புரிந்தது என்பதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபின் அண்ணன் ஊர்த் தெருவில் பூட்ஸ் காலோடு நடந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். பண்ணைக்காரர் நைனாவைக் கூப்பிட்டு, "உம் புள்ளைக்குக் கால்ல இன்னா புண்ணா?" என்று கேட்டார். நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் பூட்ஸைக் கழற்றவில்லை. அடுத்த வாரம் போலீஸ் வந்தது. கைதியாகப் போனவர்களில் சிலர் எதிரியோடு சேர்ந்துவிட்டார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. எங்கள் சேரிக்குள் அந்தப் பேச்சை யார் அனுப்பி வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நோட்டு விழுந்தது. தமிழ் எழுத்து, ஆனால் தமிழ் இல்லை. ஏட்டு இரண்டு வரி படித்துப் பார்த்து, "சங்கேத பாஷைடா இது" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த ஏட்டு எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியை என்னை ஆபீஸ் அறைக்கு அழைத்தார்.

"இந்தா பொண்ணு, உங்கண்ணன் இன்னா எழுதி வச்சிக்கினு இருக்கான்? உனக்குத் தெரியுமா?"

தலைமையாசிரியை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்டிபிகேட் வாங்க எனக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. எங்கள் சேரியில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தத் தாளை வாங்கியதில்லை.

"தெரியாதுங்க" என்றேன்.

அதை ஏட்டு எழுதிக்கொண்டார்.

விழுப்புரத்தில் ஒரு பஸ் முதலாளி அண்ணனுக்கு டிரைவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி வரச்சொன்னவர், போலீஸ் விசாரணை என்று கேள்விப்பட்டதும், "எனக்கு எதுக்குப்பா பேஜாரு" என்று கையை விரித்துவிட்டார். திங்கட்கிழமைதோறும் அண்ணன் திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரம் போய், போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். பகல் முழுக்க வேப்பமரத்தடியில் நிற்க வைப்பார்கள். உட்காரக் கூடாது. சாயங்காலம் ஒரு கையெழுத்து. வெள்ளைக்கார ராஜாவுக்காக இரண்டு வருஷத்துக்குமேல் கம்பிவேலிக்குள் கிடந்த ஆளுக்கு ராஜாவின் போலீஸ் கொடுத்த மரியாதை இதுதான்.

எங்கள் பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். ரோமாபுரியில் படித்தவர். அந்தப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி நைனா அவர் காலில் விழுந்தார். "இது அரசாங்க விஷயம், பொறுமையாய் இரு மகனே" என்றார் சாமியார். ஐந்து மாதம் பொறுமையாய் இருந்தோம். இன்ஸ்பெக்டரே ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். அன்று அண்ணனோடு நானும் போயிருந்தேன்.

சாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சிரித்துவிட்டார். "இது இலக்கணம் இன்ஸ்பெக்டர். வெறும் வினைச்சொற்கள். இதோ இந்தப் பக்கத்தில் சந்தேகத்தைச் சொல்லும் வகையில் ஒரு தப்புகூட இருக்கிறது. 'பார்லி' என்று வர வேண்டும், 'பார்லா' என்று எழுதியிருக்கிறான்." இன்ஸ்பெக்டரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் காபி வந்தது. ஐந்து மாதம் மரத்தடியில் நின்ற ஆள் அங்கேயும் நின்றுகொண்டிருந்தார்.

"உன் தங்கச்சியே தெரியாதுன்னுட்டாளேடா, நாங்க இன்னா பண்றது?" என்றார் இன்ஸ்பெக்டர். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது தெரியாது.

இன்ஸ்பெக்டர் நோட்டை மேஜைமேல் விட்டெறிந்தார். "எடுத்துக்கினு போடா."

அண்ணன் எடுக்கவில்லை. "'எடுத்துக்கினு போங்க'ன்னு சொல்லுங்க சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. டீத்தூள் கொடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொந்த பாஷையில் கேட்டார், அவ்வளவுதான்.

ஏட்டின் கை அவர் கன்னத்தில் விழுந்த சத்தம் வெளியே மரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அண்ணன் அசையவில்லை. சாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மகனே, ஆணவம் பாவம்" என்றார். அடித்தவனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. கோயிலுக்குப் போகிறேன், ஜெபம் சொல்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

அண்ணன் நோட்டை விட்டுவிட்டு வெளியே நடந்தார். நான்தான் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கேட்டார்.

"தெரியாதுன்னு நீ சொன்னியா?"

"பயந்துட்டேண்ணா. சர்டிபிகேட் போயிடும்னு."

"பயப்படாம இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"வினைச்சொல்லு எழுதியிருக்காருன்னு சொல்லியிருப்பேன்."

"அஞ்சு மாசம்" என்றார். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. நான் நீட்டிய நோட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதமே அவர் வளவனூர் வழியாகப் புதுச்சேரி போனார். அங்கே பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். நம் போலீசின் காகிதம் அங்கே செல்லாது. லாரி ஓட்டினார், கல்யாணம் செய்துகொண்டார், என் பிள்ளைகளுக்கு நல்ல மாமாவாக இருந்தார். அந்த மலை வீட்டுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. என்னோடு எப்போதும்போலப் பேசினார். ஆனால் ஒரு வினைச்சொல்லைக்கூட அதற்குப் பிறகு என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் புதுச்சேரி போன அடுத்த திங்கட்கிழமை நான் தனியாக விழுப்புரம் போனேன். அதே ஸ்டேஷன், அதே மரம். உள்ளே ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் கேசுல நான் தெரியாதுன்னு சொன்னது பொய்யிங்க. எனக்குத் தெரியும். மாத்தி எழுதிக்குங்க."

"அந்தக் கேசுதான் முடிஞ்சுபோச்சேம்மா. இன்னாத்துக்கு இப்ப?"

"முடிஞ்சாலும் எழுதிக்குங்க."

"வேல இல்ல உனக்கு? போம்மா, போ."

சாயங்காலம்வரை மரத்தடியில் நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. யாரும் எழுதிக்கொள்ளவும் இல்லை. கடைசி வண்டிக்கு நேரமானதும் திரும்பி வந்தேன்.

சர்டிபிகேட் வாங்கினேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் இறந்துவிட்டார். அந்த ஸ்டேஷனின் பழைய கட்டுகளைச் செல் அரித்திருக்கும், இல்லையென்றால் எங்காவது கிடக்கும். கிடந்தால், என் பெயருக்கு நேரே இன்னும் 'தெரியாது' என்றுதான் இருக்கும். அவர்கள் எழுத மறுத்ததை நானே எழுதிவிடுகிறேன். தெரியும். அன்றைக்கே எனக்குத் தெரியும்.