கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ்

பால்மா டின்னில் ஓட்டை போட்டு, அதைக் குலுக்கி நன்கொடை கேட்கும் தொழிலுக்கு முன்அனுபவம் தேவையில்லை, வெட்கம் மட்டும் இருக்கக்கூடாது. டின் குலுக்கிக் கை வலி கண்ட உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பதுளையில் நான் உயர்தர வகுப்பு மாணவி. எங்கள் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பில் மகேஸ்வரி என்று ஏழு வயதுப் பிள்ளை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வருவாள். இரண்டு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். இருதயத்தில் ஓட்டை. கொழும்பில் ஆப்பரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாள் தப்பினால் பிள்ளை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆப்பரேஷன் இலவசம். ஆனால் கொழுந்து பறிக்கும் தாய் காளியம்மா சம்பளம் இல்லாமல் இரண்டு மாதம் கொழும்பில் தங்க வேண்டும். சாப்பாடு, வாடகை, வெளியே வாங்கும் மருந்து எல்லாவற்றுக்கும் வழி பார்க்கிறோம் என்று நானும் என் கூட்டாளி நசீமாவும் முன்வந்தோம்.

பஸ்ஸுக்குள்

முதல் நாள் பஸ் நிலையத்தில் நின்றோம். எங்களைக் கண்டதும் ஊரே திடீரென்று மலையின் அழகை ரசிக்கத் தொடங்கியது. வெளியே நிற்கிறவன் நழுவிவிடுவான், உட்கார்ந்திருக்கிறவன் எங்கே போவான் என்று நசீமா கணக்குப் போட்டாள். புறப்பட இருந்த பண்டாரவளை பஸ்ஸில் ஏறினோம்.

அவள் முன்வாசலில் குலுக்க, நான் பின்வாசலில் குலுக்கினேன். நடுவில் மாட்டிக்கொண்ட பயணிகள் வேறு வழியில்லாமல் சில்லறை போட்டார்கள். ஒருவர் மட்டும் கண்ணை இறுக்க மூடித் தூங்கினார். நான் அவர் காதருகே நின்று குலுக்கினேன், அவர் அசையவில்லை. கண்டக்டர் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எறங்குங்க தங்கச்சி. நீங்க கேட்டதுக்கே எல்லாரும் தூங்கிட்டாங்க, இனி நான் யாருகிட்ட டிக்கட் காசு கேக்குறது?"

வெள்ளிக்கிழமை வரிசை

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் நல்ல மனிதர். "வெள்ளிக்கிழம வாங்க புள்ளைகள்" என்றார். நசீமாவாவது அதன் பொருளைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கே அது தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடைவாசலில் நீண்ட வரிசை. அன்றைக்குத்தான் பஜார்க் கடைகளில் பிச்சைக்காரர்களுக்குத் தர்மம் கொடுப்பார்கள். வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியுமாக நாங்களும் வரிசையின் கடைசியில் போய் நின்றோம்.

முதலாளி எங்களைக் கண்டதும் பதறிப்போய் உள்ளே கூப்பிட்டு, பத்து ரூபாய் நோட்டு ஒன்றை மடித்துப் போட்டார். வெளியே வந்தபோது, ஊன்றுகோலோடு முன்னால் நின்ற பெரியவர் எங்களைக் கோபமாகப் பார்த்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

"அடுத்த வாரம் வேற கடைக்குப் போங்க. நீங்க தோச்ச சட்டையோட வந்து நின்னா எங்கள யாரு பாப்பா?"

என் யோசனை

இனி வருவது முழுக்க என் குற்றம். நோட்டீஸ் அடித்து விநியோகித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மேலே மகேஸின் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் பெயர், வயது. கண்ணில் பளிச்சென்று பட வேண்டும் என்று சுற்றிவரத் தடித்த கறுப்புக் கட்டம் போடச் சொன்னேன். "கறுப்பா புள்ள?" என்று அச்சகம் வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் இரண்டு தரம் கேட்டார். கறுப்புத்தான் என்று நானும் இரண்டு தரம் சொன்னேன். சுவரிலும் விளக்குக் கம்பத்திலும் கறுப்புக் கட்டம் போட்ட எத்தனை மரண அறிவித்தல் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மட்டும் ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

சம்பள நாளில் அடுத்த தோட்டத்துக்குப் போனோம். பலருக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தார்கள், கட்டத்தைப் பார்த்தார்கள், கேள்வி கேட்காமல் டின்னில் போட்டார்கள். இரண்டு பெண்கள் அழுதேவிட்டார்கள். பதுளை பஜாரை விட இங்கே இரக்கம் அதிகம் என்று நான் பூரித்துப்போனேன். சம்பளக் காசை முந்தானையில் முடிந்திருந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டிக்குச் சொல்லியாச்சாம்மா?"

காளியம்மாவின் வாசலில்

நாங்கள் மகேஸின் லயத்துக்கு ஓடிப்போவதற்குள் நோட்டீஸ் ஒன்று காளியம்மாவின் கைக்குப் போய்விட்டது. மகேஸு வாசலில் உட்கார்ந்து, தன் படம் நன்றாக இருக்கிறது என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். காளியம்மா எங்களைத் திட்டவில்லை. "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் சாவு சொல்லிட்டீங்க. நான் கூட்டிட்டுப் போகல" என்று உள்ளே போய்விட்டாள். ஆப்பரேஷனுக்கு ஆறு நாள்தான் இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் அழுதேன். என் கெட்டித்தனத்தால் ஒரு பிள்ளை சாகப்போகிறது என்று பயந்தேன்.

கொடுத்த நோட்டீஸ்களை வீடு வீடாகத் திரும்ப வாங்கினோம். கறுப்புக் கட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்து, கல்யாணக் கடிதத்துக்குப் பூசுவது போல நாலு மூலையிலும் மஞ்சள் பூசினோம். இரண்டு பின்னேரம் அதிலேயே போனது. விரல் மஞ்சளோடு போய்க் காளியம்மாவின் முன்னால் நோட்டீஸ் கட்டை வைத்தேன். "தப்பு என்னோடது அக்கா. பிள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"சரி, போறேன் தங்கச்சி. ஆனா புள்ள உசிரோட வந்தா அதுக்கும் ஒரு நோட்டீஸ் அடிக்கணும். எங்க பக்கம் செத்தவங்களுக்குத்தான் அச்சுல படம் வருது."

இரண்டாவது நோட்டீஸ்

மகேஸு வந்தாள். இளைத்து, நெஞ்சில் நீளத் தழும்போடு, உதடு சிவந்து வந்தாள். வந்த அன்றே படி ஏறிக் காட்டினாள். 'மகேஸ்வரி சுகமாக வீடு வந்து சேர்ந்தாள்' என்று மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்தோம். அச்சகக்கார நானா கூலி வாங்கவில்லை, கட்டமும் போடவில்லை. காளியம்மா பசை காய்ச்சி, காலையில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடும் இடத்தில் தன் கையாலேயே ஒட்டினாள். கங்காணி கிட்டே வந்து பார்த்துவிட்டு, இதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மடியைத் தடவினார்.

"ஒண்ணும் வேணாங்க. சும்மா பாத்துட்டுப் போங்க."

என்னைப் போல இனியும் டின் தூக்கப் போகிறவர்களே, தூங்குகிறவரையும் எழுப்புங்கள், பிச்சைக்காரரோடும் வரிசையில் நில்லுங்கள், ஆனால் நோட்டீஸை மட்டும் பெற்றவளிடம் ஒரு தரம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.