கள்ளிப்பழத்தின் சிவப்பு

பழச்சாற்றின் சிவப்பையும் இரத்தத்தின் சிவப்பையும் ஒரு தாய் எப்படிப் பிரித்தறிவாள்? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என் சின்னம்மாவின் உள்ளங்கையில் பிளந்து கிடந்த சப்பாத்திக் கள்ளிப்பழம்தான் கண்முன் வருகிறது.

உசிலம்பட்டிக்கு மேற்கே மழை பொய்த்த வருஷம் அது. அம்மா பிரசவத்துக்குப் படுத்திருந்ததால் என்னைச் சின்னம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். சின்னம்மாவுக்கு என்னைவிடச் சற்று இளைய மகள் ஒருத்தி. வீட்டில் கம்பு தீர்ந்த பின் வேலிக் கள்ளிதான் எங்களுக்குப் பாதி உணவு. கவட்டைக் குச்சியால் பழத்தைப் பறித்து, மணலில் போட்டு வேப்பங்கொத்தால் புரட்டுவாள் சின்னம்மா. மேலிருக்கும் பூமுள் உதிர்ந்துவிடும். பிறகு பிளந்து, நடுவே நட்சத்திரம்போல் இருக்கும் முள்ளை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுத் தருவாள். கொழகொழத்த சாறு, கல் போன்ற விதைகள், லேசான இனிப்பு. தாகம் அடங்கும், பசி கொஞ்ச நேரம் மறக்கும். வாயும் விரலும் சிவந்துவிடும். சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். யாருக்கு அதிகச் சிவப்பு என்று நாங்கள் இருவரும் போட்டி போடுவோம்.

"கஞ்சிக்கே வழியக் காணோம், உன் புள்ளைக வெத்தல போட்ட மாதிரி திரியுதுக" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா மதினி, எங்க வீட்ல தெனமும் கல்யாணம்தேன்" என்பாள் சின்னம்மா, சிரிக்காமல்.

ஒருநாள் தங்கை வேலியோரம் ஒதுங்கிவிட்டு வந்தாள். "அம்மா, வயித்த வலிக்குது. செவப்பாப் போகுது."

"அம்புட்டுப் பழம் தின்னா பெறகு எப்பிடிப் போகும்? விதை கட்டியிருக்கும். இன்னும் ரெண்டு தின்னு, எளகிரும்."

தின்றாள். மறுநாள் சுருண்டு படுத்துவிட்டாள். அன்று ஒரு பழமும் அவள் வாயில் படவில்லை. ஆனாலும் துணி சிவந்தது. அப்போதுதான் சின்னம்மாவுக்குப் புரிந்தது. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். பாதி வழியிலேயே திரும்பி வந்தார்கள்.

சின்னம்மா மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒரே கையாலதானத்தா குடுத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. சில வருஷங்களில் அந்தப் பக்கத்துக் கள்ளியெல்லாம் வெள்ளைப் பூச்சி விழுந்து அழுகியது. வேலியில் ஒரு பூச்சியை நசுக்கிப் பார்த்தாள், விரல் சிவந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அந்தப் பழம் தங்கையைக் கொன்றதா, அல்லது அவளுக்கு வந்த வயிற்றுக் கடுப்பை மறைத்து மட்டும் வைத்ததா? என்னை உயிரோடு வைத்ததும் அதுதானா?

இப்போது மதுரையில், இந்த யுத்தகாலத்தில், என் மகனுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. "பழத்திலுள்ள ஜீவசத்துக் குறைவு" என்றார் டாக்டர். ஆரஞ்சு கிடைக்காவிட்டால் காட்டுப் பழமானாலும் கொடுக்கச் சொன்னார். பள்ளியில் நானும் அதைப் படித்தவள்தான். வண்டியூர்த் தெப்பக்குளத்தருகே நாவற்பழம் வாங்கி வந்து ஊட்டினேன். அவன் வாய் முழுவதும் ஊதாவாகிவிட்டது. ஈறு தெரியவில்லை. தண்ணீர் விட்டுத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். குழந்தை வீரிட்டான்.

"ஒண்ணு குடு, இல்லாட்டி விடு. தேச்சுத் தேச்சே புண்ணாக்கிருவ போல" என்றார் மாமியார்.

துணியில் இருந்தது சாயமா, இரத்தமா என்று அவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மீதிப் பழத்தைத் தெருவில் கொட்டினேன். கொட்டியது சரிதானா என்று அன்றிலிருந்து தவிக்கிறேன். மலை நெல்லிக்காயின் புளிப்பு ஈற்றுப்புண்ணில் பட்டால் துடிக்கிறான். நாளுக்கு நாள் மெலிகிறான்.

இதைப் படிக்கும் தாய்மார்களே, வாயில் சாயம் ஒட்டாத, புண்ணை எரிக்காத, குழந்தைக்குத் தரத்தக்க காட்டுப் பழம் ஏதேனும் நீங்கள் அறிந்திருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். எந்த மாதத்தில், எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். தாமதிக்க வேண்டாம்.