அக்காவுக்கு நாங்கள் மறுத்த பிடியரிசி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, சிநேகிதர்களே! அக்கா போய் வருஷம் திரும்பிவிட்டது. அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள் அண்ணன். எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் இருவரின் லட்சணத்தை மறைத்து எழுத மனசு ஒப்பவில்லை.

அக்கா பிறந்தது ஆழ்வார்குறிச்சி, வாழ்க்கைப்பட்டது முக்கூடல். அங்கே பிடியரிசியைத் தொடங்கியவர்கள் அக்காவும் மேலத்தெரு மதினியும்தான். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை தெருப் பெண்கள் அதைக் கொண்டுவந்து ஒரே பெட்டியில் கொட்டுவார்கள். துணையில்லாமல் பிள்ளை பெற்றவள், தாலியறுத்தவள், தாயில்லாப் பிள்ளைகள், இவர்கள் வீட்டுக்கு அது போகும். வாங்குகிறவளுக்குப் பிறந்த வீட்டில் ஆண்கள் இருந்தால், அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

அத்தான் பேதியில் போனார்கள். வயலைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகளோடு அக்கா தனியே நின்றார்கள். அம்பாசமுத்திரம் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என்னைத் தேடி மதினி வந்தார்கள்.

“தம்பி, தப்பா நெனைக்கப்பிடாது. ஒங்க அக்கா வீட்டுல அடுப்பு சரியா எரியல. பொறந்த எடத்துல கேக்காமக் குடுக்கப்பிடாதுன்னு வந்தேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“ரெண்டு ஆம்பளைக குத்துக்கல்லாட்டம் இருக்கையில எங்க அக்கா பிடியரிசி வாங்கவா? ஊரு காறித் துப்பாதா? நாங்க பாத்துக்கிடுதோம், மதினி!”

“நீங்க பாத்துக்கிட்டாச் சரிதான்” என்று எழுந்து போனார்கள்.

பார்த்துக்கொண்ட அழகைக் கேளுங்கள். அண்ணன் நெல் அனுப்புகிறார்கள் என்று நானும், தம்பி அனுப்புகிறான் என்று அண்ணனும் நிம்மதியாக இருந்தோம். ஒருவரையொருவர் கேட்கவில்லை. ஒருமுறை நான் போனபோது அக்கா இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள். “ரசத்துல புளி பத்தலையே” என்று குறை வேறு சொன்னேன். “திங்கிறதைத் தின்னுலே, நாக்கைப் பாரு” என்று சிரித்தார்கள். அந்த அரிசி பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றுகூட நான் கேட்கவில்லை. பாவி நான்.

காய்ச்சல் கண்டு படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. வைத்தியர் என்னைத் தனியே அழைத்து, “ஒடம்புல ஒண்ணுமே இல்லையே வே, மருந்து எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?” என்று கேட்டார்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அன்றைச் சோறு பிறந்த வீட்டார் போட வேண்டியது. அதையும் அண்ணன் பார்த்துக்கொள்வார்கள் என்று நானும், நான் பார்த்துக்கொள்வேன் என்று அண்ணனும் ஆற்றில் குளித்துவிட்டு வெறுங்கையோடு வந்தோம். பிடியரிசிப் பெட்டியில் இருந்ததைப் பொங்கி அந்தப் பெண்கள் சுமந்து வந்தார்கள்.

“சாப்பிடுங்க தம்பி” என்று மதினி என் இலையில் போட்டார்கள். நான் சாப்பிட்டேன்.

நோயில் துணைநின்ற வைத்தியருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பெண்களுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் காலில் விழுந்து சொல்கிறேன். பிள்ளைகளை அழைக்கப் போனேன். என்னோடு வர மாட்டோம் என்றுவிட்டார்கள். மதினி வீட்டில்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்குப் பிடியரிசியில் பங்கு உண்டு. இந்தத் தடவை மதினி என்னிடம் கேட்க வரவில்லை.