ஒற்றைக்கைக்காரியின் கடைசிப் பாகம்

அன்றைக்கு வண்டியூர் வீட்டில் இருந்தது நாலே பேர். நான், என் மகன் முருகேசன், பேத்தி கயல்விழி, அவளுடைய அம்மாச்சி பேச்சியம்மாள். அதாவது என் சம்பந்தி, வீடும் அவளுடையதுதான். அடுப்பில் பருத்திப்பால் கொதித்து, வீடெல்லாம் சுக்கு வாசம்...

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சியம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"என்ன மதினி, கடைசில அந்த ஒத்தக்கைக்காரி செத்தே போயிட்டாளே! எனக்கு ரெண்டு நாளு சோறே எறங்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒற்றைக்கைக்காரி யாரென்று சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் எடுத்த பொம்மைப் படம், பாகம் பாகமாக வரும். பிள்ளைகள் பார்க்கிற படம் இல்லை. வெட்டு, குத்து, சாராயம், ரத்தம். துறைமுகத்துக் கடத்தல் கூட்டத்துக்கு ஒரு பொம்பளை தலைவி. இருக்கிற ஒரு கையால் வாள் வீசுவாள் பாருங்கள்...

"இதப் பாக்குற ஆளே கம்மி அப்பத்தா. ஆனா பாத்தவன் விடமாட்டான்" என்பாள் கயல்.

நானும் கயலும் அதைப் பார்க்க ஆரம்பித்தது, எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகித் திருநகரில் எங்கள் வீட்டில் படுத்திருந்த சமயம். கயலுக்கு வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் லேப்டாப்பை என் கட்டிலில் கொண்டுவந்து வைப்பாள். பேசுவது ஜப்பான் பாஷை, கீழே ஓடுவது இங்கிலீஷ். நான் படித்தது அஞ்சாப்பு. அவள்தான் வாசித்து நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லுவாள்.

"எடுபட்ட பயலே, என் எல்லைக்குள்ள எதுக்குடா கால வச்ச?"

அவள் போட்ட சத்தத்தில் முருகேசன் ஓடிவந்தான். "ஏம்மா, இந்த வயசுல இம்புட்டு ரத்தம் பாக்கணுமா?"

"நீ போடா, சண்ட முடியட்டும்."

ஒரு நாள் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

"ஏய் கயலு, பொம்பளையப் போயி அண்ணேங்கிறாய்ங்க!"

"அது 'அனே' அப்பத்தா. அவங்க பாஷையில அக்கான்னு அர்த்தம்."

"அக்காவ அண்ணேன்னா, அண்ணன என்னன்னுடி கூப்பிடுவாய்ங்க?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது...

கடைசிப் பாகம் ஒன்றே ஒன்று மீதி இருக்கும்போது பெங்களூரு ஆபீஸில் கூப்பிட்டுவிட்டார்கள். "தனியா பாத்துராத அப்பத்தா. லீவுக்கு வாரேன், சேந்து பாப்போம்." சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். எட்டு மாதம் காத்திருந்தேன்.

லீவுக்கு வந்தவள் நேராக வண்டியூர் போய் ஒரு வாரம் தங்கிவிட்டாள். அவளைக் கூட்டிவரத்தான் அன்றைக்கு நானும் முருகேசனும் போயிருந்தோம். அந்த ஒரு வாரத்தில் முதல் பாகத்திலிருந்து அம்புட்டையும் பேச்சியம்மாளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். வாசித்தும் சொல்லியிருக்கிறாள்.

"ஆமா மதினி, பாவம்" என்றேன். பார்த்தவள் மாதிரி. வேறென்ன சொல்வது? கயல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் மெதுவாகச் சொன்னாள். "அம்மாச்சிக்கு மனசு சரியில்ல அப்பத்தா. அதான்..."

"எனக்கு மட்டும் முட்டி சரியா இருந்துச்சாடி?"



இப்போது என் போனிலேயே அந்தப் படம் வருகிறது. கீழே தமிழ் எழுத்தே ஓடுகிறது. எழுத்துக்கூட்டி நானே வாசித்துக்கொள்ளலாம், யார் தயவும் வேண்டாம். ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். "தாங்கள் எதற்காக இங்கு வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு வெட்டுகிறாள். அணைத்துவிட்டேன். கடைசிப் பாகத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

பேச்சியம்மாள் மேல் எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அந்த ரெண்டு நாள் சோறு இறங்காத துக்கம் எனக்குச் சேர வேண்டியது. ஆனாலும் அவள் என்ன செய்வாள்... கூப்பிட்டார்கள், உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினவளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கயல்விழியை.